லெந்து நாளில் இளைத்தவள்

ஆண்டவரை நம்பியிருக்கிற உங்களிடம் என் வயிற்றுக்குள் நடந்ததைச் சொல்லப்போகிறேன். இதெல்லாம் சபையில் சொல்கிற விஷயமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் நான் சாகக் கிடந்தேன்.

1936ஆம் வருஷம். ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் விடியுமுன் இருட்டோடு ஓடைப்பக்கம் போய் வந்துவிடுவோம். என்ன போகிறது என்று யார் பார்த்தார்கள்? ஐப்பசி மழையால் ஒரு நாள் விடிந்த பிறகு போனேன். மலத்தோடு ரத்தம். மறுநாளும் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்போதும் ரத்தம். அதற்கு முன்பிருந்தே ஒரு நாள் கட்டும், ஒரு நாள் கழியும். வயிறு பிசையும்.

நாத்தனாரிடம் சொன்னேன்.

“மூலச் சூடுதான் ஏட்டி. கருணைக்கெழங்கு தின்னு. இதப் போயி ஆம்பளைககிட்டச் சொல்லிராத, அசிங்கம்.”

தின்றேன். ரத்தம் நிற்கவில்லை. லெந்து என்கிற நாற்பது நாள் உபவாசம் முடிவதற்குள் ரவிக்கை தொளதொளத்துப் போனது. எல்லாரும் உபவாசத்தால் என்று நினைத்தார்கள். நாங்கள் ஆராதனைக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் உபதேசியார் என்னைக் கைகாட்டினார்.

“இந்தம்மாவப் பாருங்க! உபவாசம்னா இப்படி இருக்கணும். எந்திரிச்சு சாட்சி சொல்லுங்கம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல், நாத்தனார் மேல், ஆண்டவர் மேலும்தான். ‘மாசக்கணக்காகக் கேட்கிறேன், உமக்குக் காது கேட்கவில்லையா? இப்போதாவது ஏதாவது செய்யும்’ என்று மனதுக்குள் கத்திக்கொண்டே எழுந்தேன். வாய் தானாகத் திறந்தது.

“இது உபவாசமில்ல. வெளிக்குப் போறப்ப ரத்தமாப் போகுது. நான் செத்துக்கிட்டு இருக்கேன்.”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். பெண்கள் பாயில் ஆண் கால் வைக்கிற வழக்கமே கிடையாது. மிதித்துக்கொண்டு வந்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல? நட, மதுரைக்குப் போவோம்.”

அன்றைக்கே ரயில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெருங்குடலில் புற்றுக்கட்டி என்றார்.

“இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“எல்லாரும் என்னயப் பாராட்டிக்கிட்டு இருந்தாக” என்றேன்.

கட்டியை அறுத்து எடுத்தார்கள். வருஷம் பத்தாகப்போகிறது, உயிரோடிருக்கிறேன். என் கத்தலைக் கேட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் மேல் இப்போது கோபமில்லை. மற்றவர்கள் மேல் இருப்பது ஆறவில்லை. அன்று என் பக்கத்தில் தலைகுனிந்திருந்தவளுக்கும் இதே ரத்தம் போயிருக்கிறது. சொல்லவில்லை. அடுத்த லெந்துக்குள் அவளை அடக்கம் பண்ணினோம்.

நம்பி ஜெபியுங்கள், கேட்பார். ஆனால் விடிந்த பிறகு போங்கள், பாருங்கள், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். பெண்கள் பாயில் முதல் வரிசையில் இருப்பேன். என் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே இருப்பார். உபதேசியார் முறைத்தால் முறைக்கட்டும்.