நாராவுக்குப் போக ஓர் இடம்

காக்களூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்கிற அந்தக் கம்பெனியில், குணசுந்தரியின் மேசையைத் தாண்டி ஒரு சொத்தை வளையம் வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. பதினோரு வருஷமாக அங்கே அளந்து பார்க்கிற வேலை அவளுக்கு. பதினோரு வருஷமும் கான்டிராக்ட்தான், அதை அவளிடம் ஞாபகப்படுத்தினால் அன்று உங்கள் லாட் மொத்தமும் ரிஜெக்ட்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பத்து வளையத்தை அளந்தால் பத்துக்கும் துளியாவது வித்தியாசம் வரும். பத்துக்கும் ஒரே ரீடிங் எழுதியிருந்தால் எவனோ அளக்காமலே எழுதியிருக்கிறான். இந்தச் சட்டத்தை வைத்து ஏழெட்டுப் பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். வேலை முடிந்தாலும் இது கூடவே ஊருக்கு வரும். கடம்பத்தூர் ஸ்டேஷனில் பழம் விற்கிறவர் அவளைக் கண்டாலே தராசைத் துடைத்து வைத்துவிடுவார். சொந்தப் புருஷன் போனில் சொல்வதைக்கூட நேரில் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். இப்படி ஒரு பெண்பிள்ளையைக் கட்டி மேய்க்கிற அந்த மனுஷனுக்குக் கோயில் கட்ட வேண்டும், போங்கள்.

இந்த வருஷம் கம்பெனியில் பாதியை ஜப்பான்காரர்கள் வாங்கினார்கள். செக்கிங் ஆட்களில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. நாரா என்ற ஊர்ப் பக்கம் பேக்டரி. திரும்பி வந்ததும் வேலை நிரந்தரம். ஒரே ஒரு இடம். அந்த ஊர் முதலாளிக்குப் பழங்காலத்துப் பைத்தியம் போலிருக்கிறது, வருகிறவருக்குத் தன் நாட்டின் ஆதி கதை தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் இரண்டு வாரம் வகுப்பு, கடைசியில் பரீட்சை.

"ரப்பரை அளக்கறதுக்கு ராஜா கதை எதுக்கு? ஆளைக் கழிச்சுக் கட்டறதுக்குப் புதுசா ஒரு வழி" என்றாள் குணசுந்தரி. சொன்னாளே தவிர, முதல் நாள் முதல் பெஞ்சில் அவள்தான் நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தாள்.

பாடம் எடுத்தவள் காயத்ரி. சென்னையிலிருந்து வந்த ஜப்பானிய மொழி ஆசிரியை, முப்பது வயதுகூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொல்லுவாள். பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் நீண்ட ஜோமோன் காலத்தில் ஆரம்பித்தாள். ஈர மண்சட்டியின் மேல் கயிற்றை அழுத்தி வடிவம் போட்ட ஜனங்கள், மான் வேட்டையாடி, மீனும் சிப்பியும் கொட்டைகளும் தின்று, குழி தோண்டிய குடிசையில் வாழ்ந்தார்கள் என்றாள்.

"பத்தாயிரம் வருஷம்னு யாரு மேடம் எண்ணிக்கினு இருந்தாங்க?" என்று குணசுந்தரி கேட்டாள். வகுப்பே சிரித்தது.

காயத்ரி சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அங்கேயே ஏமாந்திருக்காங்க. ஜோமோனுக்கும் முந்தின காலத்துக் கல் கருவின்னு ஒருத்தர் எங்க தோண்டினாலும் எடுத்துக்கிட்டே இருந்தார். பாடப் புத்தகத்துலகூட ஏறிடுச்சு. ரெண்டாயிரத்துல ஒரு பத்திரிகைக்காரங்க கேமராவை மறைச்சு வச்சுப் பார்த்தா, அவரே கல்லைப் புதைச்சுட்டு அவரே தோண்டி எடுக்கறார்."

"ஆங்! அதான்!" என்று குணசுந்தரி பெஞ்சைத் தட்டினாள். அன்றைக்கு ரயிலில் போகும்போதும் அதே நினைப்புதான். யாராவது ஒருவன் ஒரு நாள் சந்தேகப்பட்டிருந்தால் போதுமே, இத்தனை பேர் ஏமாந்திருப்பார்களா?

மறுநாள் யாயோய் காலம். கடல் தாண்டி நெல் வந்தது. வாய்க்கால், வரப்பு, எலி ஏறாதபடி காலுக்குப் பலகை வைத்த நெற்களஞ்சியம், வெண்கலம், இரும்பு எல்லாம் வந்தன. நெல்லோடு சண்டையும் வந்தது. ஊரைச் சுற்றி அகழி வெட்டினார்கள். சில கல்லறைகளில் வெண்கலக் கண்ணாடி, சிலவற்றில் வெறும் மண். இரண்டு ஏக்கர் நன்செய்க்காரியான குணசுந்தரிக்கு இதில் எதுவும் ஆச்சரியமாக இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஏஞ்சலின் கையைத் தூக்கினாள். "மேடம், அப்ப நெல்லு வர்றதுக்கு முன்னாடி கூலி ஆளே இல்லியா?"

"இருந்ததுக்குப் பெரிசா அடையாளம் கிடைக்கல" என்றாள் காயத்ரி.

ஏஞ்சலின் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். குணசுந்தரி திரும்பிப் பார்த்தாள். இருபத்து நாலு வயது, வேலைக்கு வந்து நாலு வருஷம். இந்தப் பெண்ணின் அம்மா ரோசம்மாள், குணசுந்தரியின் அப்பா நிலத்தில் நாற்று நட்டவள், கதிர் அறுத்தவள். ஏஞ்சலின் முன்னால் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. தூங்க வந்தவள் என்று குணசுந்தரி முடிவு கட்டினாள்.

காலங்கள் ஓடின. ஹிமிகோ என்ற ராணி, அவள் நாடு எங்கே இருந்தது என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின் கோஃபுன் காலத்தில் சாவித் துவாரம் மாதிரி மண்மேடு எழுப்பி ராஜாக்களைப் புதைத்தார்கள், அரை கிலோமீட்டர் நீள மேடுகூட உண்டு. பெரிய மேடுகளைத் தோண்ட அரண்மனை இன்னும் அனுமதி தருவதில்லை என்று காயத்ரி சொன்னதும், "தோண்ட விடலைன்னா உள்ள எதுவோ ஒத்துவராதது கீது" என்றாள் குணசுந்தரி. அசுகா காலத்தில் கொரியா வழியாகப் புத்தர் வந்தார், அரசவையிலேயே ஒரு பெரிய மனிதரை வெட்டிப் போட்டுவிட்டுச் சீர்திருத்தம் செய்தார்கள். எழுநூற்றுப் பத்தில் நாரா தலைநகரானது. அரசவை உத்தரவு போட்டு நாட்டின் வரலாற்றை எழுத வைத்தது, அதில் அரச வம்சத்தைக் கிறிஸ்து பிறப்பதற்கு அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். "தனக்குத் தானே சர்டிபிகேட்" என்று குணசுந்தரி நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தாள். எழுநூற்றுத் தொண்ணூற்று நாலில் தலைநகர் ஹெயானுக்கு மாறியதோடு பாடம் முடிந்தது.

பரீட்சைத் தாள்களைத் திருத்த காயத்ரி ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டு, தன் பைலிலிருந்து விடைகளைத் திரையில் போட்டாள். குணசுந்தரி கைக்கு வந்தது ஏஞ்சலினின் தாள்.

முதல் விடை சரி. இரண்டாவதும் சரி. நாலாவதைத் திருத்தும்போது குணசுந்தரியின் விரல் நின்றது. திரையில் இருந்த வாக்கியமும் தாளில் இருந்த வாக்கியமும் ஒன்று. ஐந்தாவதும் அப்படியே. இருபத்தைந்து கேள்விக்கும் சொல்லுக்குச் சொல் அதே விடை. துளி வித்தியாசம் இல்லை.

நோட்டே எடுக்காத பெண். ஐம்பதுக்கு ஐம்பது. குணசுந்தரிக்கு நாற்பத்தாறு. வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். ராவெல்லாம் படித்த நான் எங்கே, நடவாள் பெண் இவள் எங்கே என்ற வார்த்தையும் உள்ளே வந்து போனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னது வேறு. அன்று சாயங்காலமே மனிதவளம் பார்க்கிற துளசிராமனின் அறைக்குப் போனாள். "சார், ஏஞ்சலினு மேடத்தோட விடை பைலைப் பாத்திருக்குது. மத்தியானத்துல மேடம் ரூம் பக்கமே சுத்திக்கினு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். தாளை எடுத்துப் பாருங்க."

துளசிராமன் பார்த்தார். குணசுந்தரி சந்தேகப்பட்டால் காரணம் இருக்கும் என்பது கம்பெனி அறிந்த விஷயம். ஒரு கான்டிராக்ட் பெண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கிற பேஜாரெல்லாம் அவருக்கு எதற்கு? ஏஞ்சலின் பேரை அடித்தார். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் குணசுந்தரியின் பெயர் ஒட்டப்பட்டது.

சனிக்கிழமை கேட்டருகே காயத்ரி அவளை நிறுத்தினாள். "பைல் பூட்டின அலமாரியில இருந்தது. சாவி என் கழுத்துல இருந்தது. மத்தியானம் அந்தப் பொண்ணு புரியாத இடத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லி என்கிட்ட வந்தா. உங்க சார்கிட்ட சொன்னேன், அவர் காதுல வாங்கல."

வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டுத் தலைகுனிந்திருப்பார்கள். குணசுந்தரிக்குத் தோன்றியது, டூப்ளிகேட் சாவியாக இருக்குமோ என்றுதான். ஏஞ்சலின் வீட்டில் ஜெராக்ஸ் தாள் ஒன்று கிடைத்துவிட்டால் இந்தச் சென்னைக்காரியின் வாயையும் அடைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, ரோசம்மாளைப் பார்க்கிற சாக்கில் தன் அப்பா ஊர்க் காலனிக்குப் போனாள்.

வீடு பூட்டியிருந்தது. பூசை முடிந்து எல்லோரும் கோயிலிலேயே இருக்கிறார்கள் என்றார்கள். மாதா கோயில் பக்கத்து ஷெட்டில் இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஏஞ்சலின். அவள் ஞானோபதேசக் கேள்விக்கு விடையை ஒரு தடவை சொன்னாள், கையில் புத்தகம் இல்லை. பிள்ளைகள் ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பொடியன் ஒரு சொல்லை மாற்றினான். "ஆண்டவரோட வார்த்தைய நீ ரிப்பேர் பண்ணாத. மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

குணசுந்தரி ஜன்னலோரமாக நின்றாள். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள், "அக்கா, ஜப்பான் கத, ஜப்பான் கத!"

ஏஞ்சலின் சிரித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வந்தது காயத்ரியின் குரல், காயத்ரியின் வேகம். "ஜோமோன் காலத்து மக்கள் ஈர மண்ணின் மேல் கயிற்றை அழுத்தி வடிவம் பதித்தார்கள். யாராவது அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன், பேப்பர் பறக்குது. அந்த வடிவத்தாலேயே அந்தக் காலத்துக்கு அந்தப் பெயர் வந்தது. கடைசி பெஞ்ச், என்ன சிரிப்பு அங்கே?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குணசுந்தரி மட்டும் யோசித்துப் பார்த்தாள். ஃபேனைக் குறைக்கச் சொன்னது எந்தப் பைலில் இருக்கும்? காயத்ரி பைலைப் பார்த்து மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பித்திருக்கிறாள், இவள் அதைக் காதால் வாங்கி அப்படியே எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான். ஐயோ, அவ்வளவுதான்!

"யாரு, குணாம்மாவா?" என்று பின்னால் ரோசம்மாளின் குரல் கேட்டது. வாழைப்பழத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம் பொண்ணு எதுனா எடுத்து வச்சிருக்குதான்னு பாக்க வந்தியாம்மா? வா, ஊட்டத் தொறந்து உடறேன், நல்லா தேடிக்கோ. அறுப்பு முடிஞ்சா உங்கப்பா எங்கள வரிசையா நிக்கவச்சு மடிய அவுத்து ஒதறச் சொல்வாரு. ஒரு மணி நெல்லு உழுந்ததில்ல ஒருநாளும். மறுநாளும் ஒதறச் சொல்வாரு."

குணசுந்தரிக்கு அது தெரியும். சின்னப் பெண்ணாகக் களத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று பெருமைப்பட்டும் இருக்கிறாள். திரும்பி நடந்தாள். ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே போனாள்.

திங்கட்கிழமை துளசிராமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போன வாரம் அது திருடின்னே. இந்த வாரம் அது சாமின்ற. இன்னாம்மா குடுத்தாங்க அவங்க ஊட்ல?"

குணசுந்தரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. பதினோரு வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சத்தியமா ஒண்ணும் இல்ல சார். கூப்ட்டுக் கேளுங்க. எது சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லும்."

ஏஞ்சலினைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துளசிராமன் ஒரு தாளை எடுத்து வாசிக்கப் போனார்.

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றாள். "பரீட்ச எழுதிட்டேன். மறுபடி சோதிக்கணும்னா முப்பது பேரையும் கூப்ட்டு சோதிங்க. எனக்கு மட்டும்னா வேணாம்."

"உனக்குத்தான்மா நல்லது" என்றார் துளசிராமன். அவள் அசையவில்லை.

குணசுந்தரி மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். "நான் விசாரிக்காம பொய்யா சொன்னேன்னு எழுதித் தரேன் சார். என் பேரையும் எடுத்துடுங்க."

"பதினோரு வருஷம்மா. அடுத்த சான்ஸ் எப்பன்னு எனக்கே தெரியாது. யோசிச்சுக்கோ."

எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். துளசிராமன் அதை இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கி வைத்தார். அந்த வாரக் கடைசியில் போர்டில் ஏஞ்சலினின் பெயர் ஏறியது.

புறப்படுவதற்கு முந்தின நாள், தன் அளவுக் கருவிகளை ஒப்படைக்க ஏஞ்சலின் குணசுந்தரியின் மேசைக்கு வந்தாள். பெட்டியை வைத்து ரிஜிஸ்டரைப் பிரித்தாள். குணசுந்தரி பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

"தொறந்து பாருங்கக்கா."

"வேணாம் ஏஞ்சலின். நீ வச்சா சரியாத்தான் இருக்கும். என்னை மன்னிச்சிடும்மா."

ஏஞ்சலின் ரிஜிஸ்டரின் மேல் கையை வைத்து மூடினாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "பதினாலு ஐட்டம். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு அப்புறம் போடுங்க. நாளைக்கு எதுனா கொறஞ்சா பதில் சொல்ல நான் இங்க இருக்க மாட்டேன்."

பக்கத்து மேசைகளில் வேலை நின்றுபோயிற்று. குணசுந்தரி பெட்டியைத் திறந்து முதல் கேஜை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியதில் எண் தெரியவில்லை. ஏஞ்சலின் பதினாலும் முடிகிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.