மீன்களுக்குச் சாயா ஆற்றிய அம்மா

எங்கள் ஊரில் மீன் என்றால் குளச்சலிலிருந்து வந்து, தேங்காயும் மாங்காயும் அரைத்த குழம்பில் கிடப்பது. அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, கடல் தண்ணீர் ஊற்றி, விளக்குப் போட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த ஆள் தக்கலை வட்டாரத்தில் என் மாமா ஒருவராகத்தான் இருக்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்ஃபில் ஓட்டல் வேலையில் இருந்தவர், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒற்றைப் பையோடு வந்து சேர்ந்தார். சோப்பு, செண்டு, மிட்டாய் எதுவும் கொண்டுவரவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம். அவருக்கு மனசு சரியில்லை என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அறையை விட்டு வரமாட்டார். அம்மா தட்டோடு பக்கத்தில் நின்றால் நாலு வாய் சாப்பிடுவார், இல்லையென்றால் அதுவும் கிடையாது. திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், பாலிதீன் பையில் இரண்டு கோமாளி மீன்களை வைத்து, பஸ்ஸில் மடியிலேயே ஏந்திக்கொண்டு வந்தார். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை. "இந்தச் சவத்தக் கறி வைக்கவும் கொள்ளாதே" என்றாள் அம்மா. ஆனால் தொட்டி வைக்க முன்னறை டிவியை நகர்த்திக் கொடுத்ததும் அவள்தான்.

மீன் வந்தபிறகு மாமா காலையில் எழும்பினார். ஸ்கூட்டரில் குளச்சலுக்குப் போய்க் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்துவந்து, பழைய வேட்டியில் வடிகட்டி வைப்பார். எங்கள் பக்கம் கரண்ட் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒத்திகை நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா திடீரென்று "கரண்டு போச்சு!" என்பார். உடனே அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, தொட்டியின் வடிகட்டி மோட்டார் வயரை இன்வெர்ட்டரில் சொருக வேண்டும். நான் தொட்டி மூடியைத் திறந்துவிட்டு, பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்பை எடுத்து நீட்ட வேண்டும். மீன் எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் தீனி போடக்கூடாது. எல்லாம் கைவிட்டால் அம்மா கோப்பையால் தண்ணீரைக் கோரி, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும் என்றார் மாமா.

"சாயா ஆத்துறது மாதிரிதானே? இத எனக்குப் படிச்சுத் தரணுமாக்கும்" என்றாள் அம்மா.

அந்த மழைக்காலத்தில் நிஜமாகவே புயல் அடித்தது. அருமனைப் பக்கம் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன, கரண்டு கம்பங்களும் கூடவே விழுந்தன. எங்கள் ஒத்திகை வீண்போகவில்லை. அப்பா வயரைச் சொருகினார், மீன்கள் ஒன்றும் நடக்காதது போல நீந்தின. ஆனால் விடிந்ததும் தெருவே செல்போனோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. வீட்டுக்கு ஒரு ஆள் கல்ஃபில் இருக்கிற தெரு அது, இன்வெர்ட்டர் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு தயங்கினாள். மாமாதான் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"குடு அக்கா. இங்க போன் எடுக்கல்லன்னா அங்க கெடக்கவனுக்குச் சீவன் போயிரும்."

மீன் விஷயத்தைத் தவிர வேறெதற்கும் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தொட்டியின் வயரை அவரே பிடுங்கினார். அந்த இடத்தில் போன்கள் வரிசையாக ஏறின. மத்தியானத்துக்குள் இன்வெர்ட்டர் மூச்சை விட்டது. பேட்டரிப் பம்பு மறுநாள் நின்றது, கடைகளில் ஒரு பேட்டரிகூட இல்லை.

அடுக்களையில் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்த ரெண்டும் போச்சுன்னா அவன் எழும்பவே மாட்டான், பாத்துக்கிடுங்க." மாமாவுக்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தால் தீரக்கூடிய விஷயத்துக்கு அம்மா ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஊற்றினார்கள். அம்மா ஊற்றினாள், கை கடுத்தால் அப்பா, அப்புறம் மாமா, மறுபடியும் அம்மா. டிவி இல்லை, ஃபேன் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஓடு பறந்த இடத்தில் வெயில் இறங்கித் தொட்டியில் விழ, அதன் நெளிவுகள் சுவரெல்லாம் அலைந்தன. நான் தரையில் பாய் போட்டுப் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கண் சொருகும்போது எங்கள் வீடு தண்ணீருக்குள் இருந்தது. அம்மா அதன் அடியில் சேலை மிதக்க நடந்து போனாள், அப்பாவின் ஆபீஸ் பை மீன்களோடு மீனாகப் போயிற்று. விழித்தாலும் அதே சத்தம், அம்மாவின் கை உயர்ந்து தாழ்ந்துகொண்டே இருக்கும். கறிக்கு ஆகாத மீன் என்று முகம் சுளித்தவள் எப்போது இவற்றின் மேல் இத்தனை பிரியம் வைத்தாள் என்று ஆச்சரியப்பட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் குறைவு.

ஒருநாள் காலை கரண்ட் வந்தது. தெருவே கூச்சல் போட்டது. "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று அப்பா துள்ளிப் போய்த் தொட்டியின் வடிகட்டியைப் போட்டார். நின்றுபோன வடிகட்டியைக் கழுவாமல் ஓடவிடக்கூடாது, உள்ளே அழுகிக் கிடக்கும் தண்ணீர் விஷம் என்று மாமா சொல்லித்தான் இருந்தார். சந்தோஷத்தில் யாருக்கு ஞாபகம் வரும்! கரண்ட் போனதில் சாகாத மீன்கள் கரண்ட் வந்ததில் செத்தன. மத்தியானம் இரண்டும் மல்லாந்து மிதந்தன. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா மீன்களை உள்ளங்கையில் எடுத்து வாழையிலையில் பொதிந்து, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். அம்மா ஜன்னலை விட்டு அசையவில்லை. பிறகு அவர் கைகால் கழுவிவிட்டு, நேரே அடுக்களைக்கு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பசிக்கு. கஞ்சி கெடக்கா?"

அம்மா கஞ்சியை ஊற்றி, துவையலை வைத்தாள். அப்புறம் அடுப்பைப் பார்க்கத் திரும்பி நின்று சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பாவம், அத்தனை நாள் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியவள் அல்லவா! நான் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "கரையாதம்மா, திருவனந்தபுரத்துல வேற மீனு கிட்டும்" என்று தேற்றினேன்.

மாமா கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றார். அம்மாவின் அழுகை இன்னும் கூடியது. செத்தது இரண்டு மீன் அல்லவா, இது இரண்டாவதுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.