முனைவர் கதிர்வாணன் இட்ட பின்னூட்டம்

சேவியரின் கதையை அழித்தவன் நான்தான். இன்றுவரை அவனுக்கு அது தெரியாது. தெரியாமலேயே என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில், லாரி எடை மேடையில் எனக்கு வேலை. வண்டி காலியாக ஒருமுறை ஏறும், சரக்கோடு ஒருமுறை ஏறும். சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். பதினாறு ஆண்டுகளாக அதே கண்ணாடிக் கூண்டு. இயற்பியல் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டவன்.

இணையத்தில் நான் வேறு ஆள். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களின் குழு ஒன்றில் என் பெயர் முனைவர் கதிர்வாணன். வானியல் ஆய்வாளர், வசிப்பது ஐரோப்பாவில். முகப்புப் படத்துக்கு ஒரு பனிமலை. நான் வடக்கே போன அதிகபட்சத் தூரம் கும்மிடிப்பூண்டி, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு!

ஏன் இந்த வேஷம்? என் முதல் கதையைச் சொந்தப் பெயரில் போட்டேன். ஒருவரும் சீந்தவில்லை. ஆறு மாதம் கழித்து அதே கதையை முனைவர் பெயரில் போட்டேன். ஆஹா ஓஹோ என்றார்கள். அதன் பிறகு பழைய பெயரோடு அங்கே போக மனம் வரவில்லை. நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா?

ரசனையிலும் பொய்தான். பேசும் இயந்திரங்களும் பச்சை நிறப் பிராணிகளும் வரும் கதைகள் குழந்தைகளுக்கானவை, சமன்பாடு இல்லாத கதை கதையே அல்ல என்று குழுவில் முழங்குவேன். கூண்டுக்குள் உட்கார்ந்து நான் விழுந்து விழுந்து படிப்பதெல்லாம் அந்தப் பச்சைப் பிராணிகளைத்தான்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சேவியர் என்னைப் பிடித்துவிட்டான். ராயபுரத்துக்காரன், டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்திலிருந்து தகடு ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் என் மேடைக்கு வருவான்.

"இன்னா மாமு, தனியா சிரிச்சிகினு கீற?"

கதையைக் காட்டினேன். அவனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது. துறைமுக வாசலில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்குமே, அந்த நேரத்தில் அவனும் ஒரு கதை சொல்லத் தொடங்கினான். ஆம், சொல்லத்தான். கேபினில் உட்கார்ந்து போனிடம் பேசுவான், போன் அதை எழுத்தாக்கும். தப்பாக விழுந்ததை விரலால் திருத்துவான். வரிசை நகர்ந்தால் கதை நிற்கும்.

நிலாவிலிருந்து இரும்பு ஏற்றிவரும் ஒரு டிரெய்லரின் கதை அது. வண்டியின் இயந்திர மூளை ஓட்டுநரிடம், "நைனா, காத்து கம்மியா கீது, பாட்டை நிறுத்து" என்று அதட்டும். கடைசியில் இருட்டிலிருந்து பூமி எழும்பும்போது ஓட்டுநர் ஒரே ஒரு வரி சொல்வான்: "அதோ வூடு தெர்து." அந்த இடத்தில் நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, எடைச் சீட்டு நனையும்படி அழுதேன்.

அதை எங்கே போடுவது என்று கேட்டான். நானே அந்தக் குழுவைக் காட்டினேன். என் புத்தியைப் பாருங்கள்!

அவன் தன் சொந்தப் பெயரில், வண்டிக்கு முன்னால் நிற்கும் சொந்தப் படத்தோடு போட்டான். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் படித்தார்கள். என் கதை எதற்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை. முனைவர் ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்று ஒருவர் எழுதினார். வயிறு எரிந்தது. அதோடு பயமும் சேர்ந்துகொண்டது. கதையில் வரும் அந்த மெட்ராஸ் பேச்சை நான் புகழ்ந்தால், ஐரோப்பாவில் இருப்பவனுக்கு இது எப்படி இனிக்கிறது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ...

எழுதினேன். "விண்கலம் செலுத்துவோர் தெருச்சண்டை மொழியில் பேசுவர் என்று எண்ணுவது அறிவியலுக்கு அவமதிப்பு. நண்பர் முதலில் தமிழ் கற்கட்டும்." ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியதுதான். வீட்டில் நான் பேசுவதும் அந்தத் தெருச்சண்டை மொழிதான்.

அதற்காகவே காத்திருந்தவர்கள்போல மற்றவர்களும் கேலியில் இறங்கினார்கள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு சேவியர் வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு என் கூண்டுக்குள் வந்தான். சிரிப்பு இல்லை.

"நாலு தபா பட்ச்சேன் மாமு. நம்ம பேச்சு கலீஜா கீதுன்றாரு, அதானே?"

நான் எடை காட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கிட்டேன். கதைய அழிச்சிட்டேன். போன்லகூட வெச்சிக்கல." போனை எடுத்தான். "அவராண்டயே கேட்டுப் பாக்குறேன், எப்டி எழுதணும்னு." அங்கேயே நின்று முனைவருக்குத் தட்டச்சு செய்து அனுப்பினான்.

மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது.

சீட்டுப் புத்தகத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். மறுபடியும் அதிர்ந்தது. புத்தகம் நடுங்கியதை அவனும் பார்த்தான்.

"போன் அடிக்குது பாரு மாமு."

"விளம்பரம்டா. வேற வேல இல்ல அவனுங்களுக்கு."

அவன் நம்பினான். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. புத்தகத்தைத் தூக்கியிருந்தால் போதும். அவன் என்னை அடித்திருக்கலாம், ஆனால் அவன் கதை பிழைத்திருக்கும். நானோ கதிர்வாணனைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவன் போன பிறகு செய்தியைத் திறந்தேன். "ஐயா, நான் லாரி ஓட்டுறவன். தப்பா எழுதிட்டேன். மன்னிக்கணும்." மன்னிப்பு! அவன் என்னிடம் கேட்கிறான்! தூய நடையில் எழுதிப் பழகுங்கள் என்று பதில் போட்டேன். அதையும் செய்தேன்.

இப்போது சேவியர் போனிடம் பேசுவதில்லை. டோல்கேட் பக்கம் ஒரு புத்தகக் கடையில் அகராதி வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தட்டுகிறான். போன வாரம் அந்தக் கதையை மறுபடி எழுதிப் போட்டான். இயந்திர மூளை அதட்டுவதில்லை, அறிக்கை படிக்கிறது. பூமி எழும்புகிறது. ஓட்டுநர் சொல்கிறான்: "அதோ, நமது இல்லம் புலனாகின்றது."

ஒருவரும் படிக்கவில்லை. முனைவர் மட்டும் "சிறப்பு" என்று எழுதினார். வேறென்ன எழுதுவது?

முதல் கதையின் நகல் என்னிடம் இருக்கிறது. அவன் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பியது. அவன் அதை மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. திருப்பிக் கொடுத்தால், ஏன் இத்தனை நாள் கொடுக்கவில்லை என்று கேட்பான். ஒவ்வொரு முறை அவன் வண்டி மேடையில் ஏறும்போதும் போனை எடுக்கிறேன்... வைத்துவிடுகிறேன்.

நேற்று இரண்டு கண்ணாடித் தம்ளர்களோடு வந்தான்.

"டாக்டரே சிறப்புன்னு போட்டுக்கிறாரு மாமு. நீதானே அந்த குரூப்ப காட்டுன. இந்தா, என் செலவுல டீ."

வாங்கிக் குடித்தேன்.