வால்டர் சொன்னால்தான் வந்த கணக்கு

ஏரிப் பூங்காவின் இரும்புக் கேட்டைத் தாண்டியதும் வால்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கண்ணை மூடுவார். வலது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாதையின் நடுவிலேயே நின்றுவிடுவார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் முணுமுணுத்தபடி அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்வார். "தெற்குக் கரையில செம்போத்து. ஆலமரத்துல குக்குறுவான், ஜோடி. மீன்கொத்தி யார்மேலயோ கோவமா இருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் தொப்பி தலைக்கு ஏறும், கேமரா உறையை விட்டு வெளியே வரும். விஜயநகருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் மனைவி ஜேன் இதைப் பார்த்துவருகிறாள். ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு வெட்கப்பட்டாள். அப்புறம் அவர் நிற்கிற நேரத்துக்குத் தானும் நிற்கப் பழகிவிட்டாள்.

கேட்டில் காவலுக்கு இருந்த சென்னப்பனுக்கு இது அன்றாட வேடிக்கை. கோபிநத்தத்துக்காரர், காட்டோரத்து மனிதர். "ஏனுங் சார், எந்தச் சாமியைங் இப்படி நின்னமானிக்கே கும்புடறீங்க?" என்பார்.

"உங்க ஊர்க் காட்டுச் சாமிதான்ப்பா. நீ பஸ் ஏறி வந்தே, அது பறந்து வந்துருச்சு" என்பார் வால்டர்.

நாலாபக்கமும் கன்னடம் கேட்கிற அந்தப் பூங்காவில், காலையில் தமிழ் பேச இருவருக்கும் ஒருவருக்கொருவர்தான் துணை.

வால்டர் எழுபதைத் தாண்டியவர். வெட வெடவென்று ஒல்லி. சட்டைக் காலரைக் கடைசிப் பட்டன்வரை பூட்டியிருப்பார். டிரங்க் கால் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். எதிர்முனையில் 'ஹலோ' என்றாலே ஆள் யாரென்று சொல்லிவிடுவார் என்று அங்கே பேர். சர்ச்சில் யாராவது சுருதி விலகினால் அந்தப் பக்கம் தலை திரும்பிவிடும். அதனால் பாடகர் குழுவில் அவருக்கு நண்பர்கள் கம்மி.

கேமராவுக்கு ஜேன் பழைய குடைத்துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அவர் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் இலைதான் இருக்கும். "இப்பத்தான் இங்க உக்காந்திருந்துது" என்று இலையைக் காட்டுவார். நல்ல படம் எடுக்கிறவர்கள்மேல் அவருக்குப் பொறாமை கிடையாது. ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, பறவையை வரவழைத்துப் படமெடுக்கிறவர்களைக் கண்டால்தான் பொறுக்காது. "பொண்டாட்டி குரல்ல கூப்பிட்டு வாசலுக்கு வரவெச்சு போட்டோ புடிக்கற மாதிரி. பொய் சொல்லிக் கூப்பிடறானுங்க. தூ!" என்பார். ஜேன் அவர் முழங்கையைக் கிள்ளுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு கூட்டம் அவர் பின்னால் நடக்கும். பென்ஷன்காரர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், பிள்ளையைத் தோளில் சுமந்து வருகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மரபு உண்டு. தசரா சமயத்தில், வடக்கேயிருந்து மலை தாண்டிக் கதிர்க்குருவி வரும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது, இலையின் நிறம். உச்சிக்கிளை இலைகளுக்குள் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஊசி முனை போல மெல்லிசாக 'ச்சிலீ' என்று ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டால்தான் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஒவ்வொரு வருஷமும் அதை முதலில் கேட்டவர் வால்டர். கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் "வந்தாச்சு" என்று ஒரு வார்த்தை போடுவார். கைதட்டும் படங்கள் வந்து விழும். நாளடைவில், வேறு யாராவது முன்னாலேயே கேட்டுவிட்டாலும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. வால்டர் சொன்னால்தான் குருவி வந்த கணக்கு.

ஜேனுக்குப் பறவைகளைத் தெரியாது. வால்டரைத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். போன மழைக்காலத்தில் அவருக்கு ஜுரம் வந்தது. தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அது கீச்சென்று கூப்பிட்டு ஓய்ந்தது. வந்து பார்த்தால், வாயில் வைத்தபடியே பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

"எடுக்கறதுதானே?"

"இன்னும் கூப்பிடலையே" என்றார், தெர்மாமீட்டரைக் கடித்தபடி.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஜுரம் இறங்கியிருந்தது. வயதாகும்போது காது இப்படித்தான் போகும், மெல்லிய கூர்மையான சத்தம் முதலில் என்று அவளுக்குத் தெரியும். பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், குக்குறுவான் கேட்கும். போவது என்னவென்று போகிற ஆளுக்கே தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஆனால் வால்டர், விட்டால் அடியோடு விட்டுவிடுகிற ஆள். முட்டி வலித்த அன்றே பாட்மின்டன் மட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஸ்கூட்டர் ஒருதரம் சறுக்கியதும் அந்த வாரமே விற்றார். காது போச்சு என்று தெரிந்தால் கேமராவை யாரிடமாவது கொடுத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கமாட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்று தெர்மாமீட்டரைக் கழுவிப் பெட்டியில் வைத்தாள் ஜேன்.

தசரா விளக்குகள் ஊரெல்லாம் ஏறி இறங்கின. வால்டர் தினமும் கண்ணை மூடி நின்றார். குருவி வரவில்லை. குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. அவர் சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் சொல்லாததைப் பார்த்து, வரவேயில்லை என்று அவர் முடிவு செய்தார்.

பூங்காவில் புது விளக்குக் கம்பி இழுப்பதற்காகப் புங்க மரங்களின் கிளைகளை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். வால்டருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"உன் கண்ணு முன்னாடிதானே வெட்டினானுங்க, சென்னப்பா? கேட்டுல உக்காந்து என்ன மாடறே நீ?" கோபம் வந்தால் அவர் தமிழில் கன்னடம் ஏறிவிடும்.

"மேல இருந்து சொல்லித்தானுங் வெட்டறாங்கொ. நானெங்கீங் தடுக்கறது?"

"பேப்பர் காட்டச் சொல்லிக் கேட்டியா? கேட்கலை. குருவி வல்லை. இதுவரைக்கும் ஒரு வருஷம் தப்பினதில்லை, தெரியுமா உனக்கு?"

சென்னப்பன் வாயைத் திறந்து, ஜேனைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

வால்டர் பூங்கா ஆபீசுக்குப் புகார் எழுதினார். அனுமதிச் சீட்டு கேட்காமல் ஆட்களை உள்ளே விட்ட காவலாளி என்று பேரையும் எழுதினார். கிளைகளை வெட்டச் சொன்னவர்கள் யாரோ, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்னப்பனைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஜேன் காய்கறிப் பையோடு கேட்டைக் கடந்து போனாள். சென்னப்பன் தன் பிளாஸ்டிக் நாற்காலியையும் டிபன் தூக்கையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறனுங், கோவிச்சுக்காதீங்க. அந்த ஊசிக் குருவி கத்தீட்டுத்தானுங்களே இருக்குது? காலைல இருந்து தலைக்கு மேலயே கத்துது. சாருகிட்டச் சொல்லீரலாமுன்னு பாத்தனுங். வாய் வரலீங்."

ஜேன் அண்ணாந்து பார்த்தாள். வெட்டுப்பட்ட கொம்புகளுக்கு மேலே, மிச்சமிருந்த பச்சையில் 'ச்சிலீ' என்றது. எத்தனையோ வருஷம் அதை வால்டர் வாயால்தான் கேட்டிருக்கிறாள். அதன் குரலையே அவள் கவனித்துக் கேட்டது அன்றுதான்.

"எனக்கும் வாய் வரலை சென்னப்பா" என்றாள்.

சென்னப்பன் முடிச்சை இறுக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அஷ்வினி என்று பெயர். பறவைக் குரலைக் கேட்டு அதன் பெயரைத் திரையில் காட்டுகிற செயலி அவள் ஃபோனில் இருந்தது. கூட்டத்தின் மரபு அவளுக்குத் தெரியாது. புங்க மரத்தடியில் ஃபோனை உயர்த்திப் பிடித்தவள் கத்தினாள்: "அங்கிள், நோடி, இங்க பாருங்க! வார்ப்ளர்னு காட்டுது. கதிர்க்குருவி!"

"அது புளுகும்மா" என்றார் வால்டர். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. கேப்போம்."

கண்ணை மூடினார். கையைக் குவித்தார். எல்லாரும் சும்மா இருந்தார்கள். அந்த அமைதியில் ஃபோன் திரையில் குருவியின் பெயர் மஞ்சளாக மின்னி அணைந்தது. மறுபடி மின்னியது. மின்னும்போதெல்லாம் கூட்டத்தின் தலைகள் ஒரே கிளையைப் பார்த்து லேசாக நிமிர்ந்தன.

வால்டர் கண்ணைத் திறந்தது அப்படியொரு நேரத்தில். அவர் மரத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்திருந்த முகங்களைப் பார்த்தார்.

"கேக்குதா, எல்லாருக்கும்?"

அஷ்வினி ஃபோனை மெல்லக் கீழே இறக்கினாள்.

"எப்பலேருந்து?"

பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற வாமன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்: "தசராவுக்கே வந்தாச்சு வால்டர். நீங்க சொல்லாம நாங்க எப்படி..."

வால்டர் ஜேன் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

"ஜுரத்தப்பவே தெரியும்" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். சற்று தூரம் நடந்தவர் நின்றார். "சென்னப்பனுக்கு? அவனுக்கும் கேட்டுதா?"

ஜேன் ஆமென்று தலையை அசைத்தாள். அந்த இடத்திலேயே, ஈரப் புல்லில், பேன்ட் நனைகிறதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார் வால்டர்.

அன்று மாலை குழுவில் அவர் செய்தி வந்தது. "வந்தாச்சு. தசராவுக்கே வந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை." அதற்குக் கைதட்டும் படம் போடுவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

காது டாக்டரிடம் போனார்கள். மெஷின் வைத்தால் பேச்சு தெளியும், அத்தனை மெல்லிசான குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். மெஷினை வைத்துக்கொண்டு வால்டர் பூங்காவுக்குப் போனார். வெளிச்சாலையின் ஹாரன் சத்தம் முழுக்கக் காதுக்குள் வந்து விழுந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். ஆனது ஆனதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் அறைக் காவலுக்குச் சென்னப்பனைப் போட்டிருந்தார்கள். வால்டரும் ஜேனும் பஸ் மாறிப் போய்ப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு மரமில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"தப்பு என்பேர்ல சென்னப்பா" என்றார் வால்டர்.

"அட, அதையப் போயி! உக்காருங் சார்." நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார் சென்னப்பன். பிறகு மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "இங்க ஒரு குருவியும் வராதுங். வந்தாலும் இந்தச் சத்தத்துல எனக்குங் கேக்காதுங். இப்ப நாம ரெண்டு பேருமு ஒண்ணுதானுங் சார்."

வால்டர் சிரித்தார். சென்னப்பனும் சிரித்தார். அது கேலியா, குத்தலா என்று ஜேனுக்குப் பிடிபடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வால்டர் வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜேன் பயந்ததுபோல அவர் கேமராவை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. சில நாள் பீரோவில் கிடந்தது. பிறகு ஒரு காலையில் அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வாமன் நடத்துகிறார். வால்டர் அன்றைக்குப் போவதில்லை. மற்ற நாட்களில், ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து ஜேனோடு போகிறார். கேட்டில் புதுக் காவலாளி ஃபோனிலிருந்து தலை நிமிர்வதில்லை.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் வால்டர் கண்ணை மூடுவதில்லை. ஜேனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். குரல் வரும் பக்கம் அவள் மோவாயைத் தூக்குகிறாள். அவர் அங்கே கேமராவைத் திருப்புகிறார்.

சில காலைகளில் மரம் சும்மா இருக்கிறது. அன்றைக்கும் ஜேன் மோவாயைத் தூக்குகிறாள். அவர் கேமராவை உயர்த்தி, அந்த இலைகளைப் பார்த்து, ஒருதரம் அமுக்குகிறார்.