ச்சனோ என்று சொல்லாத மாமா

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான், அதுவும் பர்மியப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டது. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கோயில் மலருக்கு ஆளுக்கொரு பழைய நினைவு எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் தீமிதி, தேர் என்று எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது இது ஒன்றுதான். தமிழில் எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரங்கூன் பசுந்தாங்கில் ஓடைக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் ஒரே அறையில் இருந்தோம். அப்பா பயறு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் மூட்டை தைத்தார். இப்போது அதே கிட்டங்கியில் நானும் அதைத்தான் செய்கிறேன். அம்மா தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே யாரையும் பூட்டி வைக்கவில்லை. வேலிகூடக் கிடையாது. அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் தோட்டத்திலேயே அளந்து கொடுத்தார்கள். ஆட்களுடைய அடையாள அட்டைகளை மட்டும் தோட்டத்துக்காரர் வாங்கித் தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையாம். அட்டை இல்லாமல் ரயில் ஏற முடியாது, வேறு ஊரில் ஒரு இரவு தங்க முடியாது. ஆகவே வேலிக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. என் அம்மாவின் தாத்தா காலத்தில் அங்கே வெள்ளைக்காரத் துரை இருந்தார். பிறகு வந்தவர் வெள்ளைக்காரர் இல்லை. ஆனாலும் ஜனங்கள் அவரையும் துரை என்றே கூப்பிட்டார்கள். வேறு சொல் அவர்களிடம் இல்லை.

அப்பா வீட்டார் பெண் கேட்டுப் போனபோது, அம்மாவின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் துரை ஒரு நிபந்தனை போட்டார். அவள் பால் வெட்டிக்கொண்டிருந்த மரங்களை இனி அவள் தம்பி சேர்த்து வெட்ட வேண்டும், அவன் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது. மாமாவுக்கு அப்போது பதிமூன்று வயது. தலையை ஆட்டினாராம். அம்மா கல்யாணமாகி ரங்கூன் வந்தாள். இதெல்லாம் நான் பெரியவனான பிறகு எனக்குத் தெரிந்தது. அந்த மழைக்காலத்தில் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவரைப் பார்த்து அம்மா ஏன் சந்தோஷப்படாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா ரப்பர் தகடு ஏற்றிய லாரியில், தகடுகளுக்கு நடுவில் படுத்து வந்திருந்தார். அவர் மேல் அடித்த புகை நாற்றம் நாலு நாள் போகவில்லை. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். குனிந்தே நடப்பார். மாடிப்படியில் யார் வந்தாலும் ஒதுங்கி நின்று வழி விடுவார், அது கீழ்வீட்டுச் சின்னப் பெண்ணாக இருந்தாலும் சரி. அட்டை இல்லாமல் வந்திருந்தார்.

எங்கள் பேட்டையில் வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால் பேட்டைத் தலைவரிடம் சொல்லிப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாத ஆள் அகப்பட்டால் அந்த ஆளையும் பிடிப்பார்கள், வீட்டுக்காரரையும் பிடிப்பார்கள். மாமாவைப் பத்து நாள் ஒளித்து வைத்தார்கள். எத்தனை நாள்தான் ஒளிப்பது? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வருஷம் ரங்கூனிலேயே தாமுவே என்ற பேட்டையில் ஒரு தெரு எரிந்துபோயிருந்தது. மாமா அந்தத் தெருக்காரர், அட்டை தீயில் போய்விட்டது என்று சொல்வது. தலைவர் நம்பி ஒரு கடிதம் கொடுத்தால் புது அட்டைக்கு எழுதிப் போடலாம். அட்டை கிடைத்துவிட்டால் மாமாவை யாரும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. நம்பாவிட்டால் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்த ஆளைத் துரை என்ன செய்வார் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தப் பேச்சு வரும் இடத்தில் எல்லாரும் வேறு பேசினார்கள்.

மாமாவுக்குப் பர்மிய மொழி அரைகுறை. தோட்டத்தில் துரையோடு கூலிக்காரர்கள் யாரும் பேசுவதில்லை. அவர் கேட்பார், கங்காணி பதில் சொல்வார், இவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். அதனால் அம்மா தினமும் மாமாவை உட்கார வைத்து மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள். அதில் முக்கியமானது ச்சனோ என்ற வார்த்தை. பர்மிய மொழியில் ஓர் ஆண்பிள்ளை மரியாதையாகத் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ளும் சொல் அது. பெரியவர்கள், அதிகாரிகள், கடைக்காரர், பஸ் நடத்துநர் எல்லாரிடமும் ரங்கூனில் ஆண்கள் அதைத்தான் சொல்வார்கள். ச்சனோ தாமுவேயில் இருந்தேன். ச்சனோ வீடு எரிந்துபோச்சு. ச்சனோ அட்டையும் எரிந்துபோச்சு.

அப்பா மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் தலைவர் மாதிரி உட்காருவார். மாமா எதிரே நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் கை தானாகக் கைலியைப் பிடிக்கும், தலை தரையைப் பார்க்கும்.

"மாப்பிள, தலைவர் மூஞ்சி மேல இருக்கு. கால்ல இல்ல," என்பார் அப்பா.

"பழக்கம் மச்சான். மூஞ்சியப் பார்த்தா எங்க கங்காணிக்குக் கோவம் வந்திரும்."

"இங்க பார்க்காட்டித்தான் கோவம் வரும்."

அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான். இரண்டு வாரத்தில் மாமாவுக்கு ச்சனோ நன்றாக வந்துவிட்டது. தூக்கத்தில்கூடச் சொன்னார்.

எங்கள் வகுப்பில் அந்த மாதம் ராஜாக்கள் பாடம் நடந்தது. பகான் ராஜாக்கள் கட்டிய கோயில்களுக்கு நிலமும் யானையும் அடிமைகளும் எழுதிவைத்ததாக சயாமா சொன்னார். டீச்சரை நாங்கள் சயாமா என்போம். அடிமைக்குப் பர்மிய மொழியில் ச்சுன். சயாமா அதைப் பலகையில் எழுதினார். அந்த எழுத்துக்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று எனக்குத் தோன்றியது. பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். ச்சனோ என்று நாம் வாயால் சொல்லும் வார்த்தையைப் புத்தகத்தில் அப்படி எழுதமாட்டார்கள். ச்சுன்தோ என்று முழுசாக எழுதுவார்கள். பாதி ச்சுன். மீதி தோ. கை தூக்கிக் கேட்டேன். சயாமாவுக்கு என் கெட்டிக்காரத்தனம் பிடித்துப்போயிற்று. அந்தக் காலத்தில் ராஜா முன்னால் நின்று 'தங்களுடைய அடிமை' என்று சொல்லிக்கொள்வார்கள், அதுதான் தேய்ந்து தேய்ந்து ச்சனோ ஆயிற்று என்றார். பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெருமை அது. அதுவே கடைசி.

மாமாவைப் பேட்டைத் தலைவரிடம் அழைத்துப் போவதற்கு முந்தின நாள் அது. வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா கீழே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று வாக்கியத்தையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் சுண்ணாம்புக் கட்டியால் கதவுக்குப் பின்னால் அந்த வார்த்தையை எழுதி, தோ என்ற பாதியைக் கையால் மறைத்து, மீதி ச்சுன் என்றால் அடிமை என்று அர்த்தம் சொன்னேன்.

மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் எழுத்தைப் பார்ப்பது தனி மாதிரி இருக்கும். ஏதோ பிராணி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல.

"நெசமாத்தானா மருமகனே?"

"சயாமாவே சொன்னாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எப்படித் தெரியும் என்றேன். வேறு எப்படித்தான் சொல்லுவது என்று கேட்டார். நாங்கள் பையன்கள் விளையாடும்போது ஙா என்போம் என்றேன். நம் எழுத்து வரிசையில் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ங இருக்கிறதே, அதே சத்தம்தான். அதில் அடிமையும் இல்லை ராஜாவும் இல்லை, நான் என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன்.

"எங்க தொரையும் அப்படித்தான் சொல்லுவாரு," என்று மாமா சிரித்தார்.

நான் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன். கதவில் எழுதியதை அவரே ஈரத் துணியால் துடைத்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

மறுநாள் மத்தியானம் அப்பா, மாமா, நான் மூவரும் போனோம். பள்ளிச் சட்டையும் பச்சைக் கைலியுமாக ஒரு பையன் கூட நின்றால் குடும்பஸ்தர்கள் என்று தெரியும், அதற்காக என்னைக் கூட்டிப் போனார்கள். பேட்டைத் தலைவர் கெட்டவர் இல்லை. எங்கள் கட்டடத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது தானே கம்பியோடு இறங்கினவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, யார், எங்கிருந்து வருகிறாய் என்று மாமாவைக் கேட்டார்.

மாமா தலையை நிமிர்த்தினார். வாழ்க்கையில் அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை. ஙா தாமுவேயில் இருந்தேன் என்றார். ரங்கூனில் அதிகாரியிடம் யாரும் ஙா என்று சொல்ல மாட்டார்கள்.

மேசையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தினான். அப்பா பதறிப்போய், பையன் கிராமத்துப் பக்கம் வளர்ந்தவன், பேசத் தெரியாது ஐயா, என்று குறுக்கே விழுந்தார். தாமுவே என்று சொல்லிவிட்டு கிராமம் என்றது இன்னொரு தப்பு. தலைவர் கோபப்படவில்லை. கையைக் காட்டி அப்பாவை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லு, ஒழுங்காகச் சொல்லு என்றார். அது உதவி செய்கிற குரல்தான். இன்று நினைத்தாலும் அது எனக்குக் கேட்கிறது.

மாமா ஙா என்றே இரண்டாம் முறையும் சொன்னார்.

பிறகு தலைவர் நிதானமாகக் கேட்க ஆரம்பித்தார். தாமுவேயில் எந்தச் சந்தை பக்கத்தில் இருக்கிறது, எந்த பஸ் போகும், எரிந்த தெருவின் பெயர் என்ன? மாமா பாடம் செய்ததையே திரும்பச் சொன்னார். அம்மா மூன்று வாக்கியம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கடைசியில் தலைவர் அப்பாவிடம் சொன்னது இதுதான்: தாமுவேக்காரன் குடித்துவிட்டு வந்தால்கூட என் முன்னால் இப்படிப் பேச மாட்டான். இவன் ரங்கூன் ஆள் இல்லை. நானும் மேலே இருக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாமாவை உட்கார வைத்துக்கொண்டார்கள். அப்பாவையும் என்னையும் அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி வந்தார். மாமாவின் அட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு, காணாமல் போன சாமானைத் திரும்ப வாங்குகிற மாதிரி மாமாவை வாங்கிக்கொண்டு போனார். அம்மா ரயிலடிக்கு ஓடினாள். ரயில் போயிருந்தது.

அன்று வீட்டில் அம்மா அழவில்லை. அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அவன் எந்த வார்த்தையைச் சொன்னான் என்று. அப்பா சொன்னார்.

"அவனுக்கு நல்லா வந்துச்சே," என்றாள் அம்மா. "காலையில போறப்பகூட நாலு தரம் சொல்லிக் காட்டினானே."

நான் பாய்க்கு மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை. அந்த வருஷத்தோடு நின்றுவிட்டேன். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார், நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் சில சமயம் செய்தி கொண்டுவந்தார்கள். மாமா இருக்கிறார், முன்னைவிட அதிக மரம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு கை சரியாக மடங்குவதில்லை. கல்யாணம் ஆகவில்லை. பிறகு செய்தி வருவது நின்றுபோயிற்று. இப்போது அந்தப் பக்கம் சண்டை. தோட்டம் இருக்கிறதா, துரையின் பிள்ளைகள் இருக்கிறார்களா, யாருக்கும் தெரியவில்லை. அம்மா போன மாசியில் இறந்தாள். தம்பி பயத்தில் வார்த்தையை மறந்துவிட்டான், தான் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன், ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன்.

இத்தனை வருஷத்தில் நானும் ச்சனோ என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கிட்டங்கி முதலாளியிடம், சாலையில் நிறுத்திச் சோதிக்கிற சிப்பாயிடம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க, என் மகன் எங்கே என்று கேட்டு வருகிறவர்களிடம். சொல்கிற ஒருவனுக்கும் அதற்குள் அடிமை இருப்பது கேட்பதில்லை. அன்று அந்தத் தலைவரும் தன் மேலதிகாரியிடம் அதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அவ்வளவு சாதாரணமான வார்த்தை. இதை எந்த சயாமாவும் பலகையில் எழுதிக் காட்டவில்லை.

ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். தலைவர் இன்னொரு தடவை சொல்லு என்றபோது மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சரியாகத்தானே சொல்கிறேன் என்று கேட்கிறார் என நினைத்து, நான் தைரியமாகத் தலையை ஆட்டினேன். அவர் கேட்டாரா, அல்லது விடைபெற்றுக்கொண்டாரா என்று அந்த வயதில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பசுந்தாங், ரங்கூன்.
ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.