ஆள்காட்டியின் நான்கு முட்டைகளும் நாங்களும்

சம்பளமில்லாத வேலைக்குத்தான் மேலதிகாரிகள் அதிகம். எங்கேயாவது தன்னார்வலராக மாட்டிக்கொண்டவர்கள் ஒத்துக்கொள்வீர்கள். வாரத்தில் ஐந்து நாள் கழக்கூட்டத்து ஐ.டி. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் நான், விடுமுறைக் காலைகளில் கடலோர இயற்கைப் பூங்காவில் தொப்பியும் விசிலுமாக நிற்பேன்.

பலகை

மார்ச் மாதம் பூங்காவின் மணல்திட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்தது. கூடெல்லாம் கிடையாது, வெறும் மணலில் ஒரு குழி. யாராவது மிதித்துவிடுவார்களே என்று பதறி, சுற்றிலும் சிவப்பு நாடா கட்டி, 'பறவை முட்டைகள், அருகில் வராதீர்கள்' என்று பெரிய பலகை நட்டேன். அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். தாய்ப்பறவை தூரத்தில் கத்திக்கொண்டே சுற்றியது. விலகச் சொன்னதற்கு, ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த வியாபாரி ஒருவர் கேட்டார்: "போர்டு வச்சுக் கூப்பிட்டது நீங்கதானே தம்பி? வந்தப்புறம் போகச் சொன்னா எப்படி?"

குடை

ஆள் நடமாட்டம் இருக்கும்வரை பறவை முட்டைமேல் வந்து உட்காராது. மணலோ கொதிக்கிறது. முட்டைகள் வெந்துவிடுமே! ஓடிப்போய் என் குடையை விரித்து அவற்றின்மேல் நட்டேன். நல்ல நிழல்தான். ஆனால் குடையைக் கண்ட பறவை இன்னும் தள்ளிப் போய்விட்டது. பூங்கா ஊழியர் ஸ்ரீகலா வந்து குடையைப் பிடுங்கி மடக்கினார். பிறகு எனக்காக மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சாரே, முட்டைக்கு ஒரு அம்மை உண்டு. நீங்க கொஞ்சம் மாறி நின்னா மதி, அது போதும்."

வலை

பலகையை எடுத்த பிறகும் கூட்டம் விடவில்லை. பக்கத்துக் கரையில் வலை இழுக்கும் லாரன்ஸ் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் தன் ஈர வலையை இழுத்து வந்து, பாதைக்கும் முட்டைகளுக்கும் நடுவில் நீளமாகக் காயப்போட்டார். காயும் வலையை மிதிப்பது இந்தக் கரையில் பெரிய தப்பு. கால் வைக்கப் போன ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார், மற்றவர்களும் கலைந்தார்கள். சற்று நேரத்தில் பறவை மறுபக்கமாக நடந்து வந்து முட்டைகள்மேல் அமர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குஞ்சு பொரிக்கும்வரை தினமும் அங்கேயே வலை காயப்போட்டார். மூன்று பொரிந்தன. நான்காவது பொரியவில்லை; அது என் பலகையின் வேலை என்று இன்றும் எனக்கு வருத்தம். நன்றி சொல்லப் போனபோது லாரன்ஸ் அண்ணன் வலையிலிருந்து தலையெடுக்காமலே சொன்னார்: "பட்சிக்கு வேண்டி ஒருத்தனும் ஒதுங்க மாட்டான் மோனே. என் வாய்க்குப் பயந்து ஒதுங்குவான்."

இப்போதெல்லாம் தொண்டு செய்யப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் நிற்க முடியுமா என்றுதான்.