ரத்னாவுக்கு எந்த வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் யார்டுக்கு வரும் கண்டெய்னருக்குள் என்ன இருக்கும் என்று அனுப்பியவனுக்கே தெரியாது. எந்தெந்த நாட்டிலோ கழித்துப் போட்ட இரும்பு, உலைக்குப் போக வந்து குவியும். ஒருமுறை பல் டாக்டருடைய நாற்காலி வந்தது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர், பெயர் மொஹசின், ஊர் பழவேற்காடு. நட்டு, போல்ட்டு, கையுறை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் கண்டெய்னர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எனக்கு ஸ்டோரில் இருப்புக் கொள்ளாது.

2006 பொங்கல் முடிந்த வாரம் வந்த கண்டெய்னரில் இரண்டு குட்டி மோட்டார் சைக்கிள்கள் கிடந்தன. உயரம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, சக்கரம் சோற்றுத் தட்டு அளவு. முப்பது வருஷப் பழசு இருக்கும் என்றார் ஜெனரேட்டர் மெக்கானிக் பாக்கியராஜ். நீல வண்டிக்குக் காலால் உதைக்கிற கிக்கர். சிவப்பு வண்டிக்குக் கயிறு. கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கயிறு வெளியே வந்து இன்ஜினைச் சுற்றிவிடும், விட்டால் தானே உள்ளே சுருட்டிக்கொள்ளும்.

வண்டிகளைப் பார்த்ததும் எனக்கு ரத்னா ஞாபகம் வந்தது.

ரத்னா எங்கள் யார்டில் இரும்பு தரம் பார்ப்பவள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, கையில் சுத்தியல். பதினோரு வருஷமாக எட்டு இரும்புக் குவியலையும் ஒரு நாளைக்கு நான்கு தடவை சுற்றி வந்தவள். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே வார்ப்பிரும்பா எஃகா என்று சொல்லிவிடுவாள். வாய் அடைத்த சிலிண்டர் ஏதாவது குவியலில் ஒளிந்திருந்து உலைக்குப் போனால் வெடிக்கும். அதைக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைக்கிறவளும் அவள்தான். உலையில் நிற்கிற ஆட்கள் அவளை நம்பித்தான் நின்றார்கள்.

போன ஆடி மாதம் ஒரு தண்டவாளத் துண்டு அவள் வலது காலில் விழுந்தது. நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தக் காலில் மட்டும் பெரிய கான்வாஸ் ஷூ. அதைக் கழற்றி நாங்கள் யாரும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. எட்டாவது குவியல் அரை கிலோமீட்டர் தள்ளி. அவளால் மூன்றாவதைத் தாண்ட முடியவில்லை. மேனேஜர் கெட்டவர் இல்லை. "கேன்டீன்ல பாத்திரம் கழுவு, சம்பளம் குறையாது" என்றார்.

ரத்னா என்னிடம் வந்து, "பதினோரு வருசமா இரும்பு பாத்த கண்ணு பாய். இனிமே சாம்பார் குண்டான பாத்துக்கினு இருக்கணுமா?" என்றாள்.

அதனால் மேனேஜரிடம் போய், அந்தக் குட்டி வண்டியைக் கொடுத்தால் ரத்னா குவியல்களைச் சுற்றிவிடுவாள் என்று சொன்னேன். சிரித்தார். நம்பர் பிளேட் இல்லாத வண்டி ரோட்டுக்குப் போகாது, யார்டுக்குள் ஓடலாம் என்றார். இரண்டு நிபந்தனை. ஒரு வண்டிதான், மற்றது திங்கட்கிழமை உலைக்கு. அன்றைக்கே ரத்னா யார் உதவியும் இல்லாமல் எட்டுக் குவியலையும் சுற்றிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கேன்டீன்.

சுற்றுவது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு குவியலிலும் இன்ஜினை நிறுத்தினால்தான் சுத்தியல் சத்தம் அவள் காதில் விழும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு எட்டுத் தடவை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எட்டாவது குவியலில் கூப்பிட்டால் குரல் கேட்காது.

"கால் போனவளுக்கு உதைக்கிற வண்டியா? கயிறுதான்" என்றார் பாக்கியராஜ். எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. பழைய கயிறு நைந்திருந்தது. பழவேற்காட்டில் அப்துல் வஹாப் கடையில், படகுக்காரர்கள் வாங்குகிற நைலான் கயிறு வாங்கி வந்தேன். அதோடு விட்டேனா? கயிறு எப்படித் தானே சுருள்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த சுருள்வில் துள்ளி வந்து என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அதைத் திரும்ப அடக்கி வைக்கப் பாக்கியராஜுக்கு அரை நாள் ஆனது. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் சோதித்துப் பார்த்ததில் கயிறு இரண்டே இழுப்பில் பிடித்தது, கிக்கருக்கு நான்கு உதை வேண்டியிருந்தது. கயிறுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரத்னா சிவப்பு வண்டியின் கயிற்றை இழுத்தாள். முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். மறுபடி இழுத்தாள், மறுபடி விழுந்தாள். மூன்றாவது தடவை இன்ஜின் ஓடியது, அவள் தரையில் கிடந்தாள்.

"கைய இன்னும் வெடுக்குனு இழும்மா" என்றார் பாக்கியராஜ். இன்னும் குனி என்றேன் நான். ஆளாளுக்கு அவள் கைக்குப் பாடம் எடுத்தோம்.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "பாய், நீங்க இழுங்க பாக்கலாம். செருப்ப கயட்டிட்டு."

எதற்கு என்று புரியாமல் வெறுங்காலோடு நின்று இழுத்தேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. என்னை விலகச் சொல்லி, நான் நின்ற ஈர மண்ணைக் காட்டினாள். என் கால்விரல்கள் பத்தும் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிகால் இருந்த இடம் லேசாக அழுந்தியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வலது காலில் ஐந்து விரலும் இல்லை. அதற்குப் பின்னால் பாதமும் குதிகாலும் முழுசாக இருந்தன.

"வெரலுதான் போச்சு. குதிகால் அப்டியே கீது. ஒதைக்க அது போதும். கயிறு இழுக்கத்தான் பாய் காலு வேணும்" என்றாள்.

பாக்கியராஜ் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைத் தேடினேன். ஆறு நாள் வில்லையும் கயிற்றையும் நோண்டியவன், அவள் காலைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே நீல வண்டியின் கிக்கரில், குதிகால் வைக்கத் தோதாக அகலத் தகடு ஒன்றைப் பாக்கியராஜ் வெல்டிங் வைத்தார். சிவப்பு வண்டி உலைக்குப் போகும் முன் என் கயிற்றை உருவிக்கொண்டேன். சுத்தியலை ஹேண்டில்பாரில் கட்ட அது உதவியது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் வந்து நின்றார். ரத்னா இடது காலில் ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் உதைத்தாள். மூன்றாவது உதையில் பிடித்தது.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கிற?" என்றார் மேனேஜர்.

"எட்டுலர்ந்து சார்."

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போனது. தூரத்தில் இன்ஜின் நின்றது. சுத்தியல் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியராஜ் எட்டாவது குவியல் பக்கம் கழுத்தை நீட்டினார். மறுபடி இன்ஜின் சத்தம் எழுந்தது, வண்டி ஏழாவது குவியலுக்குப் போனது.